கரிக்குக் காசு எடுக்காத தம்பிக்கு

தம்பி, வெள்ளவத்தையில லேசர் மெஷின் போட்டிருக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன், சந்தோசம். நீ வெட்டிக் குடுத்த கலியாணப் பெயர்ப்பலகையை ஒருக்காத் தடவிப் பாத்தன், விரல் கறுத்துப் போச்சு. கரிக்குத் தனியாக் காசு எடுக்காதது உன்ர பெருந்தன்மை.

நான் உளி பிடிச்ச கிழவன், எனக்கென்ன தெரியும். எண்டாலும் சொல்லுறன். உந்தக் காபனீரொட்சைட்டு லேசரை 1964இல அமெரிக்காவில பெல் ஆய்வுகூடத்தில செய்து காட்டினவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில பிறந்தவர். 10.6 மைக்ரோமீற்றர் கதிர், கண்ணுக்குத் தெரியாது. அது மரத்தை அறுக்கிறேல்லை, எரிச்சுப் புகையாக்குது. அப்ப ஒரே இடத்தில கனநேரம் நிண்டால் கருகாமல் என்ன செய்யும்? நீயோ ஆறுதலா ஓடவிட்டால் வடிவா வரும் எண்டு நினைச்சிருக்கிறாய். தோசையைக் கல்லிலயே விட்டிட்டு முறுகல் எண்டு பேர் வைக்கிற கதை. அதே பலகையில சின்னச் சின்னச் சதுரமா வேகத்தைக் கூட்டிக் கூட்டி வெட்டிப் பார். மறுபக்கம் விடுபடுற ஆகக் கூடின வேகம்தான் உனக்கான வேகம்.

காத்துப் பம்பை நிப்பாட்டி வைச்சிருந்தாய், சத்தமாம்! காலி வீதி பஸ் ஹோர்னுக்கு மேலயோ உந்தப் பம்பு? வெட்டுற இடத்தில காத்து ஊதினால்தான் சுவாலை அடங்கும், புகை ஓரத்தில ஒட்டாது. மேல் முகத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டு. அடியில தேன்கூட்டுத் தட்டில பட்டுத் திரும்புற கதிர் தழும்பு வைக்கும், பலகையைக் கொஞ்சம் உயர்த்தி வை.

கொட்டாஞ்சேனையில இருந்து வெசாக் கூட்டு ஓடர் வந்தால் மூலையளைக் கவனி. பூ வேலைப்பாட்டில மூலைக்கு மூலை மெஷினின்ர தலை வேகம் குறையும். பவரும் அதோட சேர்ந்து குறையாட்டில், நேர்கோடு பொன்னிறமா இருக்கேக்க மூலையெல்லாம் கறுத்திருக்கும். குறைந்தபட்சப் பவர் எண்டு ஒண்டு உண்டு, அதை இறக்கு. கடற்கரை ஈரத்தில பிளைவுட் வளையும். வளைஞ்சால் குவியம் தப்பும், குவியம் தப்பினால் வெட்டு அகலும், சரியும். படுக்கையா அடுக்கி வை, வெட்டேக்க காந்தம் வைச்சு அமத்து. வில்லையையும் துடை. புகை படிஞ்ச வில்லையோட கதிரைக் குறை சொல்லாதை.

எம்.டி.எஃப். ஓரம் எப்பவும் மண்ணிறம்தான், அதுக்கு உன்னை ஏசமாட்டன். பி.வி.சி. பலகையை மட்டும் உள்ள விடாதை. ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், மெஷினும் கெடும், நெஞ்சும் கெடும். தேத்தண்ணிக்குப் போறதெண்டால் மெஷினை நிப்பாட்டிப் போட்டுப் போ, உள்ளுக்க இருக்கிறது விறகு.

மண்ணிற ஓரத்துக்குக் காசு வாங்கு, தம்பி. கையில ஒட்டுற ஓரத்தைத் திருப்பி வெட்டிக் குடு.