லட்டுல திரி வச்ச பேராண்டிக்கு

ஏல பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்தப் போனக் கீழ வையி.

2012-ல நம்ம ஊர்ப்பக்கம் கரண்டு என்ன பாடு படுத்துச்சுன்னு உங்க அம்மையக் கேளு. ஒத்த மெழுகுவத்திக்கு வீட்டுல அத்தன பேரும் இருட்டுல தடவினோம். இன்னைக்கு நீ எரியுத லைட்ட அமத்திட்டு, கதவு ஜன்னல அடைச்சிட்டு, ஏசியையும் போட்டுக்கிட்டு மெழுகுவத்தி ஏத்துத. கேட்டா மன நிம்மதியாம். நிம்மதிக்குன்னு முத்தத்துல ஒரு வேப்பமரம் நின்னுச்சு. கார் நிறுத்த எடம் பத்தலன்னு உங்க அப்பன் அத வெட்டினான். சரி, அது வேற கத.

நேத்து பார்சல்ல வந்து எறங்கின சாமானெல்லாம் பாத்தேன். தெர்மாமீட்டரு, பொடித் தராசு, சிலிக்கான் அச்சு, குப்பி குப்பியா வாசனத் தைலம். ஒரு குப்பியில மழ பெஞ்ச மண்ணு வாசமாம்! மழ பெய்யும்போது முத்தத்துக்கு வாலன்னு கூப்பிட்டா, சளி புடிக்கும்னு போர்வைக்குள்ள பூந்துக்கிடுவ. மண்ணு வாசத்த மட்டும் துட்டு குடுத்துக் குப்பியில வாங்குவ. அந்தா இருக்கு தோவாள, பிச்சியும் மல்லியும் சந்தையில குமிஞ்சு கெடக்கு. உனக்கு மல்லி வாசம் கூரியர்லதான் வரணும், என்ன?

என்ன மெழுகுலன்னு கேட்டேன். "சோயா, தாத்தா. இயற்கையானது"ன்ன. ஏலே, சோயா எண்ணெ தானாவா கட்டியாகும்? ஹைட்ரஜன ஏத்தித்தான் கட்டியாக்குதான். டால்டா செஞ்சதும் அதே வித்ததான். உங்க ஆச்சி டால்டா டப்பாவத் தொறந்தா, நெஞ்சுக்கு ஆகாதுன்னு அவள வெரட்டின. அதோட தம்பியக் கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி, சணல் கயிறு கட்டி, இயற்கைன்னு சீட்டு ஒட்டுத. செட்டியார் கடை மெழுகுவத்தி பாரபினு, மண்ணெண்ணெய்க்குப் பங்காளி. அதப் பாத்தா மூஞ்சியச் சுளிக்க. திரி சரியில்லன்னா ரெண்டும் கரி கக்கத்தான் செய்யும் கேட்டியா.

மெழுகு ஏனத்த நேரா அடுப்புல வச்சியாமே? கோட்டிக்காரா! பால் பொங்கினா தெரியும். மெழுகு அப்பிடி ஒண்ணும் காட்டாது. சூடு ஏறிக்கிட்டே போயி பொசுக்குன்னு பத்திக்கும். பெரிய ஏனத்துல தண்ணி, அதுக்குள்ள மெழுகு ஏனம், அவ்வளவுதான். தண்ணி 100 டிகிரியத் தாண்டாது, மெழுகும் அதுக்குள்ள அடங்கிக் கெடக்கும். நீ இத டபுள் பாய்லர்னு சொல்லுத. நம்ம ஆசாரி வச்சிரம் காய்ச்சும்போது நீ பாத்ததில்லையா? தகர டப்பாவுல வச்சிரம், சுத்தித் தண்ணி, கீழ சிராத்தூள் நெருப்பு. அவரு எந்த வீடியோவப் பாத்துப் படிச்சாரு? அப்பிடியும் பத்திக்கிட்டா தண்ணிய ஊத்திராத, தீ மோட்டுக்குப் போகும். அடுப்ப அமத்திட்டு மூடியப் போட்டு அமுக்கு.

தைலம் 100 கிராம் மெழுகுக்கு 8 கிராம் போதும். கையில குப்பி இருக்குன்னு கவுத்தா வாசம் ரெண்டு மடங்காகாது, மெழுகுதான் வேத்து ஒழுகும். கேசரிக்கு வச்சிருந்த ரோஸ் எசன்ஸ எடுத்து ஊத்தினது யாரு? தண்ணிச் சரக்கு மெழுகோட சேருமா? அடியில தங்கி, திரி நனஞ்சு சடசடன்னு வெடிக்கும். வெனிலா போட்டா வெள்ள மெழுகு நாளாக நாளாகப் பழுப்பேறும். நீ லேசுப்பட்ட ஆளா? அதுக்குக் காப்பி நெறம்னு பேரு வச்சு வெலய ஏத்துவ.

வேலையே திரியிலதான்ல இருக்கு. நீ குப்பிக்குல்ல செலவழிக்க. திரி ஒல்லியா இருந்தா நடுவுல குழி பறிச்சுக்கிட்டு எறங்கும், ஓரத்து மெழுகு நின்னபடி நிக்கும். தடியா இருந்தா சுவரெல்லாம் கரி. கிண்ணத்து அகலத்தப் பாத்துத்தான் திரி வாங்கணும். முந்தியெல்லாம் மெழுகுவத்தி ஏத்தினா பக்கத்துலயே கத்திரியோட இருந்து கருகின நுனிய வெட்டணுமாம். எங்க வாத்தியார் சொன்ன கத இது. 1825-ல கம்பசேரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு நூலப் பின்னித் திரியாக்கினாரு. பின்னின திரி எரிய எரிய வளஞ்சு, தீயோட ஓரத்துக்குப் போயி தானே சாம்பலாயிரும். நீ பூக்கட்டுத நூல முறுக்கிப் போட்டிருக்க. அது எங்க வளையும்?

எல்லாத்துக்கும் மேல தீவாளிக்கு நீ செஞ்சியே, லட்டு மெழுகுவத்தி! பூந்தி பூந்தியா உருட்டி, மஞ்சச் சாயம் கலந்து, ஏலக்கா வாசம் சேத்து, உச்சியில முந்திரி மாரி ஒரு துண்டு. எதுத்த வீட்டுச் சின்னப்பய பாதியக் கடிச்சிட்டு முழிச்ச முழி இருக்கே! அவன் ஏமாந்தான். எறும்பு ஒண்ணாவது கிட்ட வந்துச்சா? சீனி கூடிரும்னு திங்கிற லட்ட ஒரு பய தொடல. எரிக்கிற லட்ட 300 ரூபா குடுத்து வாங்கிட்டுப் போறாக. இன்னொண்ணு மேல காஞ்ச ரோசாப்பூவும் பட்டையும் தூவி வச்சிருக்க. எது திரி, எது அலங்காரம்னு நெருப்புக்குத் தெரியுமால?

சோயா மெழுக ஊத்தினா ஒண்ணு ரெண்டு வாரம் மூடி வச்சாத்தான் வாசம் புடிக்கும்னு உன் சாமான் பெட்டியிலயே அச்சடிச்சிருக்கு. நீ காலையில ஊத்தி, மத்தியானம் படம் புடிச்சு, சாயந்தரம் பார்சல் கட்டிட்ட. வாங்கின அம்மா வாசமே வரலன்னு எழுதியிருக்காக. நீ எழுதின பதில உங்க அம்மை வாசிச்சுக் காட்டினா. "கண்ண மூடி, மூச்ச ஆழமா இழுத்துப் பாருங்க"ன்னா எழுதுவ? துட்டத் திருப்பிக் குடுல, கோட்டிப் பயலே!