இபனேமாவுக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்கள் இரவெல்லாம் ஆடிக் களிக்க ரியோவுக்குப் பறக்கிறார்களாமே, கெடாவிலிருந்து போகிறவர் அங்கே என்ன பார்க்கலாம்?
(வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: முதலில் பகலைப் பார்க்கலாம். இபனேமா கடற்கரையில், ஃபார்மி ஜி அமுவேடு தெரு வந்து முட்டும் இடத்தில் வானவில் கொடி பறக்கும். அதுதான் அவர்கள் கூடும் மணல். இரவுக்கு அவசரமில்லை, எஸ்டேட்டில் மரம் வெட்டப் போகிறவர் கண்விழிக்கும் நேரத்தில்தான் அங்கே ஆட்டம் சூடுபிடிக்கும்.

ரியோவிலிருந்து தெற்கே போனால், உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடியோ அடக்கமான ஊர். பழைய நகரில் பாலினப் பன்மைக்காக 2005இல் நினைவுக்கல்லே நட்டுவிட்டார்கள். ஒரே பாலினத் திருமணத்தை அர்ஜென்டினா 2010இலும், பிரேசிலும் உருகுவேயும் 2013இலும் ஏற்றன.

மலேசியக் கதை வேறு. இங்கே ஒரே பாலின உறவுக்குக் குற்றவியல் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 2023இல் வானவில் நிறக் கைக்கடிகாரங்களைக்கூட உள்துறை அமைச்சு பறிமுதல் செய்தது. 2024 நவம்பரில்தான் உயர் நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. மணி காட்ட வந்தவை மாதக்கணக்கில் உள்ளே இருந்தன!

ரியோ கட்டணம் கட்டுப்படியாகாதவருக்குப் புக்கிட் காயு ஹீத்தாம் இருக்கிறது. எல்லை தாண்டினால் தாய்லாந்து. அங்கே 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் திருமணம் செல்லும். கடப்பிதழை மட்டும் வீட்டில் விட்டுவிட வேண்டாம்.