டப்பா பெரியம்மா

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு டப்பா பெரியம்மாவாவது இருப்பார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஓய்வு பெற்றிருப்பார். டப்பா சேர்ப்பதிலிருந்து மட்டும் ஓய்வில்லை. ஐஸ்கிரீம் தீரும்போது பிள்ளைகள் கரண்டியை நக்குவார்கள், பெரியம்மாவின் கண் மூடியைத் தேடும்.

லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதில் கட்டில், சாமிப்படம், டிவி, மருமகளின் அலுமாரி எல்லாம் போக மிஞ்சிய இடம் டப்பாக்களுக்கு. மாஜரின் டப்பாவில் உப்பு. யோகட் கப்பில் மிளகாய்க் கன்று. அதன் அடியில் ஓட்டை போடுவதற்கென்றே ஒரு பழைய குடைக்கம்பி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்துவார். பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் அரசாங்கம் 2023 அக்டோபர் 1 முதல் தடை செய்தது. யோகட் கப்புக்கு மட்டும் விதிவிலக்கு. பெரியம்மாவிடம் கேட்டுத்தான் செய்தார்களோ என்னவோ. பழைய இடியப்பத் தட்டுகளில் அவர் இன்னும் மோர்மிளகாய் காயவைக்கிறார்.

இருப்பதிலேயே நல்ல டப்பா, மூடி இறுகப் பிடிக்கும் இரண்டு லீட்டர் வெனிலா, சமையலுக்குக் கிடையாது. அதில்தான் பிறப்புச் சான்றிதழ்கள், ஈ.பி.எஃப். கடிதம், பிரஜாவுரிமைப் பத்திரம். தோட்டத்துச் சனத்தை 1948இல் சட்டம் போட்டு நாடற்றவர்களாக்கி, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலையெண்ணிப் பங்கு போட்டு, மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் ஒருவழியாகப் பிரஜாவுரிமை தந்தார்கள். இப்படிப்பட்ட சனத்துக்குக் கடதாசி நனைவது சின்ன விஷயமா? தகரக் கூரை ஒழுகும். வெனிலா டப்பா ஒழுகாது.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பேரன் பாடம் எடுப்பான்.

“அப்பாயி, இதெல்லாம் சேத்து வைக்கக் கூடாது. ரீசைக்கிள் பண்ணக் குடுக்கணும்.”

“குடுக்கலாம்யா. லயத்துக்கு லொறி வருதா?”

பேரன் போனைப் பார்ப்பான். லொறி வராததற்கும் ஒரு கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, சபைப் பணம் தோட்டக் குடியிருப்புப் பக்கம் போகாமல் வெகுகாலம் மறித்துக்கொண்டிருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். ஆனாலும் டவுனைச் சுற்றும் குப்பை லொறி எல்லா லயத்துக்கும் ஏறிவிடவில்லை. வீசினால் கான்தான் கதி. டிக்கோயாப் பக்கத்துக் கானில் விழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும். அந்தத் தண்ணீர் களனி கங்கையில் சேரும். கொழும்பில் பேரன் திறக்கும் குழாய்க்கும் களனிதான் மூலம். சரி, லொறி வந்து அள்ளிப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், 2015 வரை உலகம் சேர்த்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான். பெரியம்மாவின் கட்டிலடிக் கணக்கு இதைவிட எவ்வளவோ மேல்.

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பெரியம்மா படிப்பதில்லை, அமுக்கிப் பார்ப்பார். அமுக்கினால் நிமிர்ந்துகொள்வது பெரும்பாலும் 5, பொலிப்புரொப்பிலீன், வருஷக்கணக்கில் உழைக்கும். ‘படக்’கென்று வெடிப்பது 6, பொலிஸ்டைரீன், சூடான தேத்தண்ணி ஊற்ற அது ஆகாது. பெரியம்மா அதில் கன்றுதான் வைப்பார். ரசாயனம் படிக்காமலே பாஸ்.

ஒரே ஒரு குற்றம். வெடித்த டப்பாவை ஈரவிறகோடு அடுப்பில் சொருகிவிடுவார். கரும்புகை கிளம்பும், மருமகள் இருமுவாள். “குளிருக்கு நல்லதுதானே” என்பார். இதில் மட்டும் பேரன் பக்கமே நியாயம். அந்தப் புகை விஷம்.

மற்றபடி அவரைப் போல நினைவாற்றல் உள்ளவர் தோட்டத்தில் யாருமில்லை. போன பொங்கலுக்கு மேல்லயத்துக்கு முறுக்கு போன டப்பா எது, அதன் மூடியில் கீறல் எந்தப் பக்கம், எல்லாம் மனப்பாடம். டப்பா திரும்பும்போது வெறுமையாக வரக்கூடாது என்பது லயத்துச் சட்டம். ஒரு பிடி சீனியாவது, தோட்டத்துப் பீன்ஸாவது இருக்க வேண்டும். இதனால் ஒரே டப்பா வருஷம் முழுக்க நாலு லயம் சுற்றுகிறது. வெறும் டப்பாவை நீட்டிய ஒரு புது மருமகளைப் பெரியம்மா திட்டவில்லை. அடுத்த தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு அதிரசம் பேப்பரில் மடித்துப் போனது.

இந்த வருஷம் உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு டப்பா வந்திருந்தால் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடியையும் சேர்த்து.