ஊசியிருக்கைப் படலம்

தைக்கும் நேரம் போக மீதி நேரத்தில் ஊசி எங்கே இருக்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள். நம் வீடுகளில் அதற்கு நிலையான முகவரி கிடையாது. நூல்கண்டு, நாள்காட்டி அட்டை, கழற்றிப்போட்ட சட்டையின் காலர் ஆகியன இதுவரை அறியப்பட்ட வாழிடங்கள். ஊக்குகளுக்குத் தாலிச் சங்கிலியும் வளையலும் இருப்பதால் அவை இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. வீடற்றவை ஊசியும் குண்டூசியுமே. அவற்றுக்கு ஒட்டுத்துணியில் பின்குஷன் தைக்குமாறு கூறுதும்.

குண்டூசிக்கு இவ்வளவு மரியாதை தகுமா? 10 பேர் வேலையைப் பகிர்ந்துகொண்டால் ஒரே நாளில் 48,000க்கும் மேற்பட்ட குண்டூசிகள் செய்யலாம் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே கணக்குக் காட்டிவிட்டார். அத்தனை மலிந்த பொருளுக்குக் கையால் ஓர் ஆசனம் தைப்பானேன் எனின், குண்டூசியின் பொருட்டு எவரும் தைப்பதில்லை என்க. தையற்கடையில் கேட்டு வாங்கிவந்த வெட்டுத்துண்டுகள் பை நிறைய இருக்கின்றன. அவற்றின் பொருட்டே தைக்கிறார்கள்.

அறுகோணமாக வெட்டிய தாளின்மேல் துணியை மடித்துப் பெருந்தையல் போட்டு நிறுத்துக. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, இது மேல்முகம். அடிமுகமும் அவ்வாறே. முகத்துக்கு 12 இணைப்பாக 24, இரண்டையும் சேர்க்கும் விளிம்பில் 18, ஆக 42. பக்கம் ஓர் அங்குலம், அங்குலத்துக்கு 12 தையல் எனக் கொண்டால் 504 தையல். இதற்குள் ஸ்மித்தின் ஆட்கள் எத்தனை குண்டூசி செய்திருப்பார்கள் என்று கணக்கிடற்க, மனம் தளரும். தாளை உருவ மறந்தால் தொடுந்தோறும் குஷன் மொறமொறக்கும்.

இனித் திணிபொருள். அறிஞர் பிளவுபடுவது இங்கேதான். இலவம்பஞ்சு தலையணைக்கு ஆகும். பின்குஷனுக்குக் கனம் போதாது. ஊசியை இழுத்தால் குஷனும் கூடவே எழுந்துவரும். மரத்தூள் நன்று. மணல் கனமானது, ஆனால் ஈரம் இருந்தால் துரு. ஆட்டு ரோமத்திலுள்ள எண்ணெய்ப் பசை துருவைத் தடுக்கும் என்று மேலைநாட்டார் அதைப் போற்றுவர். தலைமுடியைத் திணிப்பதும் அவர்களது பழைய வழக்கமே. எண்ணெய்ப் பசைதான் தகுதியென்றால், தேங்காயெண்ணெய் தடவிப் படிய வாரும் நம் வீட்டுச் சீப்பில் சேர்வதற்கு அன்றோ முதலிடம் எனின், ஆம். திணிப்பவர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தக்காளி வடிவக் குஷனில் ஒரு குட்டி ஸ்ட்ராபெரி தொங்குவதும் மேலைநாட்டு மரபு. அழகுக்கென்று மயங்கற்க. அதன் வயிற்றில் இருப்பது எமரிப் பொடி. துருவேறிய ஊசியை நாலு முறை குத்தி எடுத்தால் பளபளக்கும்.

பின்குஷன் ஊசியின் இருப்பிடம் என்னும் முதல் வரையறை இவ்விடத்தில் திருத்தம் பெறுகிறது. மெல்லூசியைச் சற்று அழுத்திக் குத்தினால் காதோடு உள்ளே மூழ்கிவிடும். பழங்குஷன்களைப் பிரித்தவர்கள், தொலைந்ததாக எழுதிவிட்ட ஊசிகளையெல்லாம் அங்கே கண்டெடுத்திருக்கிறார்கள். பிரிக்காமல் கண்டறியும் வழி, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்ப்பது. இவ்வழியை இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை.