பேராண்டி, போத்தலப் பாத்துத் தொற!

ஏண்டா பேராண்டி, கண்டி டவுன் ஹோட்டல்ல வெள்ளச் சட்ட மாட்டுனதுல இருந்து ஒனக்குக் கழுத்தே வளைய மாட்டேங்குது. ஆனா சொக்லட் பிஸ்கட் புடிங் கேக்குற வெள்ளக்காரன், "இதுக்கு எந்த வைன் ஒத்துப்போகும்?"னு கேட்டா மட்டும் முழிக்கிறியாமே? கெழவன் சொல்றேன், கேட்டுக்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. தொங்கல் லயத்துல வெத்தல போடுறவன் புத்தின்னு தெரிஞ்சா டிப்ஸ் கொறஞ்சிரும்.

சாத்திரம் ஒண்ணுதான்: திங்கிறத விடக் குடிக்கிறது இனிப்பா இருக்கணும். சாதா செவப்பு வைன ஊத்துனா சொக்லட்டு இனிப்புக்கு முன்னால அது புளிச்சுப்போகும். அதுக்குத்தான் போர்ட்டு. போர்த்துக்கல்லுல டோரோ ஆத்துப் பக்கம், திராட்சச் சாறு பாதி புளிக்கையிலயே 77 வீதம் மதுசாரம் உள்ள திராட்சச் சாராயத்த ஊத்திருவான். ஈஸ்ட்டு செத்துரும்; மிச்சச் சீனி அப்படியே நிக்கும். கடைசியில 20 வீதத்துக்குக் கிட்ட மதுசாரம். அதனால சின்னக் கிளாஸ் போதும்டா, தண்ணி டம்ளரத் தூக்கிட்டுப் போயிராத.

கசப்பேறுன கறுப்புச் சொக்லட்டுக்கு ரூபி போர்ட்டு. பீப்பாயில பல வருசம் கெடந்து பழுப்பேறுன டோனி போர்ட்டு, கஜு தூவுன பிஸ்கட் புடிங்குக்கு. ரூபி போத்தலத் தொறந்தா ரெண்டு மூணு கிழமைக்குள்ள முடிக்கணும். முடிக்கிறதுக்கு நீ ஒத்தாச பண்ணாத. ஸ்பெயின்காரனோட பெத்ரோ ஹிமெனெஸ் இருக்கே, வெயில்ல காயவச்ச திராட்சையில செய்றது, கித்துள் பாணி கணக்கா கறுப்பா வழியும். அத ஐஸ்கிறீம் மேலயே ஊத்தலாம். நம்ம பாணிய ஊத்துனாலும் ருசிதான். வித்தியாசம் பில்லுல தெரியும்.

1505ல வந்த போர்த்துக்கீசன் கரையோரத்தப் புடிச்சான், கண்டிய மட்டும் புடிக்க முடியல. படையோட ஏறி நிக்க முடியாத மலையில இப்ப போர்ட்டுப் போத்தலோட ஏறிட்டான்; கதவத் தொறந்து விடுறது நீ!

சொக்லட்டுன்னா பெல்ஜியம்னு கதையளக்காத. 1869ல காப்பிக்கு எல நோய் வந்தப்புறம் தொரமாரு தும்பறையிலயும் மாத்தளையிலயும் கொக்கோ போட்டாங்க. இந்தா இருக்கிற குண்டசாலையிலதான் கண்டோஸ் சொக்லட்டே செய்றாங்க. அதச் சொல்லு, வெள்ளக்காரன் ரெண்டாவது தட்டு கேப்பான்.

போயா அன்னிக்கு போர்ட்டு கேட்டா என்ன செய்வ? விக்கக் கூடாதுன்னு சட்டம். கையப் பெசையாம நெஞ்ச நிமித்தி, "இந்தப் புடிங்குக்கு சீனி போடாத பிளேன்டிதான் ஜோடி சார், 1867ல லூல்கந்துரயில தேயில போட்ட நாள்ல இருந்து எங்க கையிலதான் இருக்கு"ன்னு சொல்லு. நான் சொன்ன சாத்திரத்துக்கு அது நேர் எதிர்தான். சாராயத்துக்குத்தாண்டா சாத்திரம், தேத்தண்ணிக்குத் தாகம் போதும்.