நாலே நாலு சிப்ஸ்

உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் நாலே நாலு எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் பிரிக்கிறார்கள். பாக்கெட்டைக் கவிழ்த்து, மூலையில் கிடக்கும் தூளையும் உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொள்வதோடு அந்த எண்ணம் நிறைவேறுகிறது. இதற்கு மன உறுதியைக் குறை சொல்வது நியாயமில்லை. எதிர்த்தரப்பு ஆராய்ச்சிக்கூடமே வைத்துத் தயாராகி வந்திருக்கிறது.

மாவுச்சத்தும் கொழுப்பும் ஒரே பொருளில் மிகுதியாகச் சேர்ந்திருப்பது இயற்கையில் அரிது. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 87 கலோரிதான். மெல்லிசாகச் சீவி எண்ணெயில் பொரித்தால் தண்ணீர் வெளியேறி, அந்த இடத்தில் எண்ணெய் குடியேறி, அதே 100 கிராம் 500 கலோரியைத் தாண்டிவிடும். கொழுப்பு வந்து சேர்ந்த செய்தியைக் குடலின் ஹார்மோன்கள் மூளைக்குச் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். கை அதுவரை காத்திருப்பதில்லை.

காதும் இதற்கு உடந்தை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் சிப்ஸ் கடிக்கும் ஓசையை மைக்கில் பிடித்து, கூட்டிக் குறைத்து, கடிப்பவரின் காதிலேயே ஒலிக்கவிட்டார்கள். ஓசை கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதுசாக இருப்பதாகத் தின்றவர்கள் சொன்னார்கள். 2004-இல் வெளியான இந்த ஆய்வுக்கு 2008-இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. நமுத்த முறுக்கைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.

ஒரே சுவை தொடர்ந்தால் நாக்கு சலித்துப்போகும். கல்யாணப் பந்தியில் சாதம் போதுமென்று இலையைக் கையால் மறித்தவர், பாயசம் வந்ததும் கையை எடுத்துவிடுவது அதனால்தான். சிப்ஸ் மசாலாவில் உப்பு, புளிப்பு, காரம், துளி இனிப்பு என எல்லாம் கலந்திருப்பதால், சலிப்பு யார்மீது என்று நாக்கு முடிவெடுக்கவே முடிவதில்லை.

ஆனால் பழியை முழுவதும் ருசியின் தலையில் போடவும் முடியாது. அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும், மற்ற இரண்டு வாரம் காய், பழம், தானியம் கொண்டு சமைத்த உணவும் கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். இரண்டுமே ஒரே அளவு பிடித்திருப்பதாகத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆனாலும் ஆலை உணவை வேகவேகமாகத் தின்று, தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 0.9 கிலோ எடை ஏறியது. 2019-இல் வெளிவந்த கணக்கு இது. இத்தனைக்கும் அவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தவர்கள். பெட்டிக்கடை வாசலில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும் தெருவில் நடக்க விட்டிருந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.