ஆச்சியின் ஆட்டுரல்

ஆனி பிறந்து செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பினால், தென்காசியில் எங்கள் ஆச்சி நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்துவிடுவாள். மலையில் மேகம் இறங்கியாச்சா என்று மொட்டைமாடியில் ஏறிப் பார்ப்பது என் வேலை. இறங்கிவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, குற்றாலம்தான். உச்சந்தலையிலிருந்து எண்ணெய் வழிய வழிய அருவிக்குள் தள்ளிவிடுவாள். அவள் நடத்திய சுகாதாரத் துறை அவ்வளவுதான்: எண்ணெய், அருவி, மிளகு ரசம். விழிப்புணர்வு வாசகமும் ஒன்றுதான்: "ஏலே, தலையை நல்லாத் துவட்டு." வெள்ளைக்கார துரைமாரே உடம்பு தேற இங்கேதான் வந்தார்கள் என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை.

இன்றைக்கு அந்தத் தூக்கோடு போனால் ஆச்சி குற்றவாளி. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் நீதிமன்றத் தடை. நியாயம்தான், நாங்கள் தேய்த்ததெல்லாம் சிற்றாற்றில்தானே போய்ச் சேர்ந்தது.

2012-இல் பக்கத்துக் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் எங்கள் நாக்குக்கும் வந்தது. சாக்கடைக் கொசுவுக்கே பயந்து வளர்ந்தவர்களிடம், இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்றால் எப்படி நம்புவது? மழை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போகிறது. குழாயை நம்ப முடியாமல் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். சூடு ஏற ஏறக் கொசு சீக்கிரம் வளர்கிறது. அதன் உடம்புக்குள் வைரஸும் சீக்கிரம் பெருகுகிறது.

போன வருஷம் கொசுப்புழு ஒழிப்புக்கு வந்த பெண் டிரம்மைப் பார்த்தாள், பூந்தொட்டியைப் பார்த்தாள், கடைசியில் கொல்லையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மிக்ஸி வந்ததும் ஒதுக்கிப்போட்ட ஆச்சியின் ஆட்டுரல். குழியில் மழைத் தண்ணீர். ஒரு கரண்டி மொண்டு டார்ச் அடித்துக் காட்டினாள். மயிரிழை மாதிரி நாலைந்து புழு, தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.

"கவுத்துப் போடுங்க அண்ணாச்சி."

"இதைக் கவுக்க நாலு ஆளு வேணுமேம்மா."

மண்ணைப் போட்டு நிரப்பச் சொன்னாள். ஆச்சி தோசைக்கு அரைத்த குழி!

வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. சாரலுக்குப் பேர் போன ஊரில் என் சட்டைப் பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதே ஆண்டு மே 17, அக்னி நட்சத்திரம் முடியவில்லை, சீசனும் பிறக்கவில்லை. பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் மேகத்தைப் பார்த்தாலே எனக்குக் குளிக்கத் தோன்றுவதில்லை. செல்போனில் தடைச் செய்தி வந்திருக்கிறதா என்றுதான் கை போகிறது.

இந்த ஆனியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான். அருவியில் தடை. வீட்டுக் குளியலறையில் ரெண்டு வாளி ஊற்றிக்கொண்டேன். தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தால் அடுப்படியிலிருந்து மனைவி குரல்: "குளிச்சாச்சுன்னா வாளியைக் கவுத்துப் போட்டுட்டு வாங்க."